கொம்பு எதிலிருந்து முளைக்கிறது? ‘கெரட்டாஜினஸ்’ என்ற சொல்லுக்கு ஓர் எளிய விளக்கம்

“இன்னா, உனுக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு?”

வடசென்னையில் இந்தக் கேள்வி விழாத தெரு கிடையாது. தண்ணி லாரி வரிசையில் முந்திக் குடம் வைத்தால் விழும். ரேஷன் கடையில் விழும். கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை, கேட்கப்பட்டவரும் தலையைத் தடவிப் பார்ப்பதில்லை. ஆனால் கேள்வியின் பின்பாதியை மட்டும் பிய்த்து எடுத்து அறிவியல் ஆளிடம் கொடுத்தால் அவர் உட்கார்ந்து யோசிப்பார். கொம்பு எதிலிருந்து முளைக்கிறது? எலும்பிலிருந்தா, தோலிலிருந்தா, சதையிலிருந்தா? மாட்டின் தலையில் கொம்பாகவும், காலில் குளம்பாகவும், நம் விரலில் நகமாகவும் வருகிற அந்தக் கெட்டிப் பொருளைச் செய்து தருவது எது?

கால்நடை மருத்துவ நூல்களில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கெரட்டாஜினஸ் திசு. பழைய நூல்களில் ‘கெரட்டாஜினஸ் சவ்வு’ என்று வரும். முதல் தடவை படிக்கும்போது நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பொருள் மிக எளிது: கொம்புப் பொருளை உண்டாக்குவது.

சொல்லை இரண்டாக உடைக்கலாம். முன்பாதி ‘கெராஸ்’. கிரேக்கத்தில் கொம்பு என்று அர்த்தம். நமக்கு ‘மரம்’ என்பது வேற்றுமை உருபு ஏறும்போது ‘மரத்தின்’ என்று ஆகி, நடுவில் ஒரு ‘த்து’ வந்து உட்காருகிறதே, அதேபோல் கிரேக்கத்திலும் ‘கெராஸ்’ உருபு ஏறினால் ‘கெராட்டோஸ்’ ஆகும், கொம்பினுடைய என்று பொருள். அந்த ‘கெரட்’தான் கெரட்டின், கெரட்டோசிஸ், கெரட்டிடிஸ் என்று மருத்துவச் சீட்டுகளில் எல்லாம் தலைகாட்டுவது. (தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லின் முதல் எழுத்தே ஒற்றைக்கொம்பு போட்டுக்கொண்டு வருகிறது. தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைக்க உதவும்.)

பின்பாதி நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. பிறப்பு, இனம் என்ற பொருளுள்ள ‘கெனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழியில் வந்த ‘ஜென்’. ஹைட்ரஜன் என்றால் நீரை உண்டாக்குவது. ஆக்சிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தவறாக நினைத்து 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர், தவறு தெரிந்த பிறகும் பெயர் போகவில்லை. கொலாஜன் என்றால் பசையை உண்டாக்குவது. இந்தக் கொலாஜனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் சில தடவை வரும்.

மேலே போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் பேச்சில் ‘கொம்பு’ என்பது பெரிய வீடு. மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு, யானைக்கும் கொம்பு, மரக்கிளைக்கும் கொம்பு. அறிவியல் அப்படிச் சேர்த்து வைக்காது. மாட்டுக் கொம்பின் மேலோடு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. புள்ளிமானின் கிளைவிட்ட கொம்பு முழு எலும்பு, வளர்ந்து முடிந்து, பிறகு ஒரு நாள் விழுந்து மறுபடி முளைக்கும். யானையின் கொம்பு பல். ஆகவே கெரட்டாஜினஸ் என்ற சொல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பொருந்தும், புள்ளிமான் கொம்புக்கும் யானைத் தந்தத்துக்கும் பொருந்தாது. ஆனால் கிண்டி பூங்காவில் புள்ளிமானோடு சேர்ந்து மேய்கிற வெளிமானுக்கு இருப்பது மாட்டைப் போன்ற நிஜக் கொம்பு. அது விழாது. இன்னொரு பக்கம், தலையில் இல்லாவிட்டாலும் குளம்பும் நகமும் இந்தக் கணக்கில் கொம்புப் பொருள்தான். கால்நடை மருத்துவர் குளம்பைப் பற்றிப் பேசும்போது கொம்பு என்று சொன்னால் அவர் தடம் மாறவில்லை. பொருளைச் சொல்கிறார்.

சரி, இந்தத் திசுவைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். நுண்ணோக்கி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போனால் போதும்.

“பாய், நாலு காலு. நல்லா சுட்டு, குளம்ப கயட்டிக் குட்த்துடுங்க.”

“தோ, ஆயிடுச்சிம்மா.”

ஆட்டுக்காலை நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். முதலில் முடி பொசுங்கும். அந்த நாற்றம் எல்லோருக்கும் தெரியும். கெரட்டினில் கந்தகம் அதிகம், அது எரிகிற நாற்றம்தான் அது. சலூனில் வாரிக் கொட்டிய முடி எரிந்தாலும், கறிக்கடையில் குளம்பு எரிந்தாலும் மூக்குக்கு ஒன்றாகவே தெரிவதற்குக் காரணம், இரண்டும் ஒரே சரக்கு. பிறகு குளம்பு கருத்து, ஓரத்தில் லேசாகக் கொப்புளித்து வரும். அந்தச் சூட்டிலேயே கத்தியின் முதுகால் ஒரு தட்டு, ஒரு திருகு. ஓடு முழுசாகக் கழன்று கீழே விழும்.

பெரும்பாலானோர் காலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் விழுந்த ஓட்டை எடுத்துப் பார்ப்போம். வெளிப்பக்கம் வழவழப்பு. உள்பக்கத்தைத் திருப்பினால், மேலிருந்து கீழாக மெல்லிய வரிவரியான மடிப்புகள் நெருக்கமாக ஓடுவது தெரியும். இப்போது காலின் நுனியைப் பாருங்கள். ஓடு இருந்த இடத்தில் எலும்பு வெளியே தெரியாது. எலும்பைப் போர்த்திக்கொண்டு வெளுத்த ஒரு மெல்லிய சதைப் படலம் இருக்கும், அதிலும் அதே வரிகள். ஓட்டின் மடிப்பு படலத்தின் பள்ளத்தில் போய் உட்காரும். படலத்தின் மடிப்பு ஓட்டின் பள்ளத்தில். இரண்டு கைவிரல்களையும் கோத்துக்கொண்ட மாதிரி. இந்தப் பிடி இருப்பதால்தான் ஆடு குதித்து ஓடும்போது குளம்பு கழன்று போகாமல் நிற்கிறது. நெருப்பில் காட்டினால், நடுவில் இருக்கும் மெத்தென்ற உயிரணு அடுக்கு வெந்து பிடியை விட்டுவிடுகிறது.

அந்த வெளுத்த படலம்தான் நாம் பேசுகிற ஆள். ஆடு உயிரோடு இருந்தபோது அது ரத்தம் பாய்ந்து சிவந்திருக்கும். நரம்பு ஓடும், தொட்டால் வலிக்கும். அதன் மேல் உட்கார்ந்திருந்த ஓட்டில் ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை, உயிரும் இல்லை.

எப்படி உயிருள்ளது உயிரற்றதைச் செய்கிறது? இதைப் புரிந்துகொள்ளத் தோலைப் புரிந்துகொண்டால் போதும், ஏனென்றால் குளம்பும் கொம்பும் நகமும் தோலின் வேறு வடிவங்களே. தோலில் இரண்டு அடுக்கு. மேலே இருப்பது மேல்தோல், கீழே இருப்பது உள்தோல். ரத்தக்குழாய்கள் எல்லாம் உள்தோலோடு நின்றுவிடும், மேல்தோலுக்குள் ஏறாது. மேல்தோலின் அடிவரிசையில் உள்ள உயிரணுக்கள், கீழே இருந்து கசிந்து வரும் ஊட்டத்தை வாங்கிக்கொண்டு இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கும். புதிது பிறக்கப் பிறக்கப் பழையது மேலே தள்ளப்படும். தள்ளப்படும் வழியில் ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் கெரட்டினை நிரப்பிக்கொள்ளும். ஊட்டம் எட்டாத உயரத்துக்கு வரும்போது உட்கருவை இழந்து, தட்டையாகி, செத்துப்போகும். நம் கையில் அப்படிச் செத்தவை அழுக்கோடு உதிர்ந்துவிடுகின்றன. குளம்பிலும் கொம்பிலும் நகத்திலும் அவை உதிர்வதில்லை. ஒன்றோடொன்று இறுக ஒட்டி, அடுக்கடுக்காகக் கெட்டிப்பட்டு, ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பாடப்புத்தகம் படிக்கிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். பழைய உடற்கூறு நூல்கள் கெரட்டாஜினஸ் சவ்வு என்று பெயர் சூட்டியது அந்த ரத்தம் பாயும் உள்தோலுக்கு. ஆனால் கெரட்டினைத் தயாரித்துச் சாகிற உயிரணுக்கள் உள்தோலில் இல்லை. அதன் மேல் படிந்திருக்கும் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. அப்படியென்றால் பெயர் தப்பா? கண்டிப்பாகப் பார்த்தால் கொஞ்சம் தப்புதான். உள்தோல் ஊட்டம் தருகிறது, வடிவம் தருகிறது, மேல் அடுக்கு பொருளைச் செய்கிறது. ஆனால் ஒன்றில்லாமல் இன்னொன்று வேலை செய்யாது. உள்தோல் நசுங்கினாலோ கருகினாலோ மேலே உற்பத்தி நின்றுவிடும். ஆகவே பெயரை அந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு உரியதாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். இன்றைய கால்நடை மருத்துவர்கள் உள்தோல் பகுதியை ‘கோரியம்’ என்று சொல்வதே அதிகம். லத்தீனில் கோரியம் என்றால் தோல், பதனிட்ட தோல். அந்தச் சரக்கைப் பார்க்கவும் நாம் தூரம் போக வேண்டியதில்லை, பெரியமேட்டுத் தோல் மண்டி இருக்கிறது.

ஆனால் அதற்கு முன் ஆட்டுக்காலை அடுப்பில் ஏற்றிவிடலாம். பாயாவுக்குக் காலை நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும். குக்கர் வந்த பிறகு விசில் கணக்கு, அது தனி விவாதம். வெந்த பிறகு சாற்றைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், ஆறினால் உறையும். அது கொலாஜன். தோல், தசைநார், எலும்புமூட்டு எல்லாவற்றிலும் இழையோடும் புரதம். சூட்டில் அவிழ்ந்து ஜெலட்டினாகிச் சாற்றில் கரைகிறது. பசையை உண்டாக்குவது என்ற பெயர் சரியாகப் பொருந்தியிருக்கிறது அல்லவா? அந்தக் காலத்தில் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்துத்தான் தச்சு வேலைக்கான பசை எடுத்தார்கள். இப்போது கழற்றிப் போட்ட குளம்போட்டை அதே பானையில் போட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் மெதுவாகும், வளையும், ஆனால் அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சாறாகாது. கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று பூட்டி வைத்திருப்பவை கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள். வெறும் கொதிநீர் அந்தப் பூட்டைத் திறக்காது. அடுத்தடுத்து ஒட்டி இருந்த இரண்டு அடுக்குகளில் ஒன்று குழம்பாகிறது, இன்னொன்று குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

பெரியமேட்டில் இதே வித்தியாசத்தின் மேல் ஒரு தொழிலே நிற்கிறது. பச்சைத் தோலைப் பதனிடும்போது சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தொட்டியில் ஊறவைப்பார்கள். சல்ஃபைடு அந்தக் கந்தகப் பூட்டை உடைக்கும், முடியும் மேல்தோலும் கூழாகிப் போகும். கொலாஜனில் அந்த மாதிரிப் பூட்டு கிடையாது, ஆகவே உள்தோல் தப்பித்து நிற்கும். அதைப் பதனிட்டால் செருப்பும் பெல்ட்டும். நாம் தோல் என்று வாங்குவது முழுக்க உள்தோல், கெரட்டின் அதில் துளிகூட இருக்கக் கூடாது என்பதுதான் பதனிடுபவரின் முதல் கவலை. ஒரே விலங்கின் ஒரே உடம்பில், புளியந்தோப்பில் ஓட்டைக் கழற்றி எறிகிறார்கள், பெரியமேட்டுக்கு வரும் தோலில் அதே பொருளைக் கரைத்து எறிந்திருக்கிறார்கள். கெரட்டினுக்கு நம் ஊரில் மரியாதை போதாது.

அதற்கு மரியாதை கொடுத்தது குதிரை.

இந்தச் சொல் மருத்துவ மொழியில் வேரூன்றிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் குதிரை என்றால் படை, தபால், போக்குவரத்து, உழவு எல்லாமும். குதிரையின் மதிப்பு அதன் நான்கு குளம்பில் இருந்தது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1761இல் குளோத் பூர்ஜெலா என்பவர் முயற்சியில் உருவானது. ஒரு நூற்றாண்டு கழித்து அதே லியோன் பள்ளியில் இருந்த ஒகுஸ்ட் ஷோவோ, வீட்டு விலங்குகளின் ஒப்பீட்டு உடற்கூறு பற்றி எழுதிய பெரிய நூல் ஐரோப்பா முழுக்கப் பாடமானது. அதை ஜார்ஜ் ஃப்ளெமிங் என்ற கால்நடை மருத்துவர் 1873இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். குதிரைக் குளம்பைப் பற்றிய பகுதியில், ஓட்டுக்கு அடியில் காலெலும்பின் நுனியைக் காலுறை மாட்டிய மாதிரி போர்த்தியிருக்கும் படலத்துக்கு அதில் வருகிற பெயர்தான் கெரட்டாஜினஸ் சவ்வு. அதன் பிறகு வந்த குதிரைக்கால் நூல்கள் பலவும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டன. 1903இல் வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது இந்த நகரமும் ஜட்கா வண்டியிலும் மாட்டு வண்டியிலும் ஓடிக்கொண்டிருந்த நகரம்தான்.

பெயரைக் கொடுத்தது பேராசிரியர்கள் என்றாலும், விஷயத்தை அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தவர் லாடம் அடிப்பவர். மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது ஒரு காலுக்கு இரண்டு துண்டு, பிளந்த குளம்பு என்பதால். குதிரைக்கு ஒற்றை வளையம். ஆணி உயிரற்ற ஓட்டில் இறங்கும் வரை மாடு சும்மா நிற்கும். கொஞ்சம் உள்ளே சரிந்து அந்தப் படலத்தில் பட்டுவிட்டால் ரத்தம், நொண்டல், பிறகு சீழ். குளம்பின் அடியைச் சீவிப் பார்த்தால் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கு வெளியே ஆணி அடிக்கலாம், உள்ளே அடிக்கக் கூடாது. கெரட்டாஜினஸ் என்ற சொல்லைக் கேட்டிராத லாடக்காரர் அந்தத் திசுவின் எல்லையை மில்லிமீட்டர் சுத்தமாக அறிந்திருந்தார். கொத்தவால் சாவடிக்குச் சரக்கு ஏற்றி வந்த வண்டிமாடுகள் அவர் கையை நம்பித்தான் நடந்தன.

குளம்பு வளர்வது மேலிருந்து கீழே. முடி முடிந்து குளம்பு தொடங்குகிற விளிம்பில் ஒரு தடித்த வளையம் இருக்கும், உற்பத்தி பெரும்பாலும் அங்கேதான். அங்கே கெரட்டாஜினஸ் படலத்திலிருந்து நுண்ணிய முளைகள் கீழ்நோக்கி நீண்டிருக்கும், ஒவ்வொரு முளையைச் சுற்றியும் ஒரு நுண்ணிய குழல் உருவாகும், ஆயிரக்கணக்கான குழல்கள் சேர்ந்து சுவர். குதிரைக்கு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், மாட்டுக்கு அதில் பாதி. குதிரையின் குளம்பு நுனியில் இன்று தரையைத் தொடுகிற பகுதி ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன் விளிம்பில் பிறந்தது. நடுவில் கடுங்காய்ச்சலோ பட்டினியோ வந்திருந்தால் அந்த வாரங்களின் பள்ளம் ஒரு வளையமாகக் குளம்பில் இறங்கி வரும். எந்த உயரத்தில் வளையம் இருக்கிறது என்று பார்த்து, எத்தனை மாதத்துக்கு முன் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்.

நோய் இந்தத் திசுவைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த சாட்சி கோமாரி. வாயில் புண் வருவதோடு குளம்பு விளிம்பிலும் கொப்புளம் வெடிக்கும். முற்றினால் ஓடே கழன்றுவிடும். நெருப்பு செய்கிற வேலையை வைரஸ் செய்கிறது. இன்னொன்று அவ்வளவு வெளியே தெரியாத வியாதி: கோரியம் வீங்குவது. தானியமும் சோறும் திடீரென்று அளவுக்கு மீறி உள்ளே போனால் மாட்டின் முதல் இரைப்பை புளித்து அமிலமாகும், அதன் விளைவு காலில் வந்து முடியும். கெட்டியான ஓட்டுக்குள் வீங்க இடமில்லாததால் வலி தாங்க முடியாததாக இருக்கும். மாடு முதுகை வளைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கும். வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் தெருவில் நிற்கும் மாட்டுக்குக் கல்யாண மண்டபத்துச் சோற்றைக் கூடை கூடையாகக் கொட்டுவது புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்டு புல் வாங்கிப் போடுங்கள், அதுவே நல்லது.

தலைக்கு வருவோம். கன்று பிறக்கும்போது கொம்பு இல்லை, நெற்றியோரத்தில் முடிச்சுழி நடுவே ஒரு மொட்டு மட்டும். அந்த மொட்டு முதல் சுமார் இரண்டு மாதம் மண்டையோட்டோடு ஒட்டாமல் தோலிலேயே மிதக்கும். விரலால் நகர்த்தினால் நகரும். கொம்பு தோலில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். பிறகுதான் மண்டையெலும்பிலிருந்து ஒரு முளை எழும்பி அதற்கு உள்தண்டாகிறது. தண்டின் மேல் கெரட்டாஜினஸ் படலம், படலத்தின் மேல் கெரட்டின் உறை. பண்ணைகளில் கொம்பு வேண்டாமென்று மொட்டைக் கருக்குகிறவர்கள் அந்த இரண்டு மாதத்துக்குள் செய்துவிடுவதன் காரணமும் இதுதான்: மொட்டைச் சுற்றியுள்ள தோல் வளையத்தில் உள்ள, கொம்பை ஆக்கும் உயிரணுக்கள் போனால் கொம்பு வராது. ஒரு சில்லு மிச்சம் இருந்தால்கூட கோணல்மாணலாக ஒரு துண்டுக் கொம்பு எட்டிப் பார்க்கும். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பைச் சீவி வர்ணம் அடிப்பது மாட்டுக்கு வலிக்காது, அது செத்த உறை. ஆனால் முட்டிக்கொண்டதில் உறை உருவிக் கழன்றுவிட்டால் ரத்தம் கொட்டும், ஏனென்றால் வெளியே வந்து நிற்பது உயிருள்ள படலம்.

‘கெராஸ்’ என்ற வேரின் சொந்தக்காரர்கள் எதிர்பாராத இடங்களில் இருக்கிறார்கள். மூக்கில் கொம்புள்ள ரைனோசெரஸும் மூன்று கொம்பு டைனோசரான ட்ரைசெராடாப்ஸும் எளிதில் தெரிந்துவிடும். காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்புத் தண்டுகூட இல்லை, அடி முதல் நுனி வரை கெரட்டின்; மருந்து என்று நினைத்து அதை அரைத்துக் குடிப்பவர் நகத்தை அரைத்துக் குடிக்கலாம். வடமொழியின் ‘சிருங்க’மும் லத்தீனின் ‘கார்னு’வும் கிரேக்கக் ‘கெராஸு’ம் ஒரே மூல வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிவு, ஆகவே ராமாயணத்தில் வரும் கொம்பு முளைத்த முனிவர் ரிஷ்யசிருங்கரும் இந்தக் குடும்பம்தான். சவுகார்பேட்டை நகைக்கடையில் இருபத்திரண்டு கேரட் என்று சொல்கிறார்களே, அந்தக் கேரட்டும் இங்கிருந்து கிளம்பியது. நாம் குன்றிமணி வைத்து நிறுத்தது போல கிரேக்கர்கள் கரோப் மரத்தின் விதையை வைத்து நிறுத்தார்கள். அந்த மரத்தின் வளைந்த காயை அவர்கள் ‘கெராட்டியோன்’, குட்டிக் கொம்பு என்றார்கள். அது அரபு வழியாக மேற்கே போய்க் கேரட் ஆனது.

ஆனால் தொடக்கநிலை மாணவரை உண்மையில் ஏமாற்றுவது கண். கெரட்டிடிஸ் என்று சீட்டில் எழுதியிருந்தால் அது கருவிழிப் படலமான கார்னியாவின் அழற்சி. கண்ணில் ஏது கொம்பு? பழங்காலத்தில் கொம்பை மெல்லிய தகடாக இழைத்து விளக்குக் கூண்டுக்குக் கண்ணாடி போல மாட்டுவார்கள். அந்த ஒளிபுகும் தகட்டை மனதில் வைத்துக் கிரேக்க மருத்துவர்கள் விழியின் முன்படலத்தைக் ‘கொம்பு போன்றது’ என்றார்கள், லத்தீன்காரர்கள் அதையே கார்னியா என்று மொழிபெயர்த்தார்கள். உண்மையில் கார்னியாவின் பெரும்பகுதி கொலாஜன். அது கொம்பாக மாறாமல் இருப்பதால்தான் நமக்குப் பார்வை. வைட்டமின் ஏ கடுமையாகக் குறைந்த குழந்தைகளுக்கு விழியின் மேற்பரப்பு வறண்டு மெய்யாகவே கொம்புத்தன்மை அடையும். ஆகவே ‘கெரட்’ என்று தொடங்கும் சொல்லைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, பேச்சு தோலைப் பற்றியா கண்ணைப் பற்றியா என்பது. கெரட்டாஜினஸ் எப்போதும் தோல் பக்கம்தான்.

கடைசியாக நம் விரல். கட்டைவிரல் நகத்தின் அடியில் வெளிறிய பிறை தெரிகிறதா? நகத்தை ஆக்கும் திசுவின் முன் விளிம்பு அது. மிச்சம் தோல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. உயிரணுக்கள் கெரட்டின் நிரம்பிக் கெட்டிப்படுகிற பகுதியைத் திசுவியல் நூல்கள் இன்றும் கெரட்டாஜினஸ் மண்டலம் என்றே குறிக்கின்றன, முடியின் வேர்க்காலிலும் அப்படி ஒரு மண்டலம் உண்டு. கைநகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதிதான். கடை ஷட்டரில் விரல் நசுங்கி நகம் விழுந்துவிட்டால், அடித்திசு வெட்டுப்படாமல் நலமாக இருக்கும் பட்சத்தில் கைநகம் ஆறு மாதத்தில் முழுதாக வந்துவிடும். அடித்திசுவில் வெட்டுக்காயம் ஆழமாக விழுந்து தழும்பாகிவிட்டால் புதிதாக வரும் நகம் நடுவில் பிளந்தே வரும், எத்தனை தடவை வெட்டினாலும் பிளவு கூடவே வளரும். அப்படி அடிபட்டால் நகத்தைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தைப்பது நகத்தை அல்ல, அதன் அடியில் இருக்கிற அந்தத் திசுவை.